சேரநாட்டுக் கனிமமும் ஒரு சொல்லின் குழப்பமும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் நடந்து செல்வோர், வெளிறிய மணலின் இடையே கருமணல் பட்டை பட்டையாகப் படிந்திருப்பதைக் காண்பர். தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையை மோதும் ஆனி, ஆடி மாதங்களில் அப்பட்டைகள் மேலும் தடித்துத் தோன்றும். பள்ளிச் சிறுவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரிடம் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "இக்கருமணல் எங்கே உண்டாயிற்று?" என்பதே அது. "கடலில் உண்டாயிற்று" என்று ஆசிரியர் விடை கூறிவிட்டால், சிறுவர் திருப்தியடைந்து அடுத்த வேடிக்கையைப் பார்க்கப் போய்விடுவர். ஆயினும் அவ்விடை தவறானது. அதில் தொடங்கும் பிழை, வளர்ந்த பின்னும் மாணவனை விடுவதில்லை. களப்பணியில் அமர்ந்த பின்னர் அவன் எழுதும் அறிக்கையிலும் அது இடம்பெற்றுவிடுகிறது.

இப்பிழைக்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரும் இதற்குப் பொறுப்பாளிகளே. ஆங்கில நூல்கள் இருவேறு செய்திகளை ஒரே அடைமொழியால் குறிக்கின்றன. ஒரு கனிமம் சிதைந்து, அதன் பொருள்களிலிருந்து புதிதாகத் தோன்றும் மற்றொரு கனிமத்திற்கு அவ்வடைமொழியைத் தருகின்றன. பிறந்த பாறையை விட்டு நீங்கி, ஆற்றாலும் கடலாலும் வேறிடத்தில் குவிக்கப்பட்ட பழைய கனிமத்தின் படிவிற்கும் அதையே தருகின்றன. இரண்டையும் தமிழில் 'இரண்டாம் நிலை' என்று எழுதிவிட்டால், படிப்பவர் இரண்டும் ஒன்றே எனக் கொள்வதில் வியப்பில்லை. சிலவிடங்களில் 'இரண்டாந்தரம்' என்றும் எழுதப்படுவதுண்டு. அச்சொல் தரக்குறைவு என்ற பொருளையும் உடன் கொண்டுவந்து, குழப்பத்தை இருமடங்காக்குகிறது.

இவ்வேற்றுமையை விளக்கத் தொலைதேசத்து உதாரணத்தைத் தேட வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஓர் ஊரில் கண்டெடுக்கப்பட்ட, சேரநாட்டின் பெயரையே தாங்கிய அரிய பாஸ்பேட் கனிமம் ஒன்று இப்பாடத்தைத் தெளிவாகக் கற்பிக்கிறது. சேரலைட் என்பது அதன் பெயர்.

குட்டக்குழியில் கிடைத்த பச்சைக் கனிமம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் குட்டக்குழி என்றோர் ஊர் உண்டு. இக்கனிமம் அங்குக் கண்டெடுக்கப்பட்ட காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள பெக்மடைட் பாறை ஒன்றில், கரிய டூர்மலின், கிரைசோபெரில், ஜிர்க்கன், புகைநிறப் படிகக்கல் ஆகியவற்றுடன் பச்சை நிறமான, கனத்த ஒரு பொருள் காணப்பட்டது. பிரிட்டிஷ் நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த போவி, ஹார்ன் என்னும் இருவர் அதனை ஆராய்ந்து, மொனசைட் இனத்தைச் சேர்ந்த புதிய கனிமம் எனக் கண்டு, 1953-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். நாட்டின் பழம்பெயரான 'சேர' என்பதிலிருந்து அவர்கள் அதற்குப் பெயரும் சூட்டினர்.

அதன் இயல்புகளைச் சுருங்கக் கூறலாம். மொனசைட்டைப் போலவே அதன் படிகங்கள் ஒற்றைச் சாய்வு முறையைச் சேர்ந்தவை. கடினத்தில் அது மோஸ் அளவையின்படி 5 என்ற நிலையை ஒட்டியது. எஃகுக் கத்தியால் அதனைக் கீற முடியும். அதன் ஒப்படர்த்தி 5.3 அளவிலானது. அஃதாவது, சாதாரண வெண்மணலாகிய குவார்ட்ஸைப் போல் இருமடங்கு கனமுடையது. நிறத்தில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வேறுபடும். கதிரியக்கம் மிக்கது. திருவிதாங்கூர்க் கடற்கரையின் மொனசைட்டில் தோரியம் ஆக்ஸைடு 8 முதல் 10 சதவிகிதம் வரை காணப்படும். குட்டக்குழிக் கனிமத்திலோ அது 30 சதவிகிதத்தை ஒட்டியிருந்தது. யுரேனியம் ஆக்ஸைடும் 4 சதவிகித அளவில் இருந்தது.

இவ்வளவு தோரியம் அதனுள் எவ்வாறு புகுந்தது? ஓர் எளிய கணக்கு இதற்கு விடை தரும். மொனசைட் என்பது செரியம், லாந்தனம் முதலிய அரிய மண் உலோகங்களின் பாஸ்பேட். அவ்வுலோக அணு ஒவ்வொன்றும் மூன்று நேர்மின்னூட்டம் உடையது. தோரியமோ நான்கு மின்னூட்டம் உடையது. செரியத்தின் இருக்கையில் தோரியம் அமர்ந்தால் ஒரு மின்னூட்டம் மிகுதியாகிவிடும். அந்த மிகுதியை ஈடுசெய்ய, இரண்டு மின்னூட்டமே உடைய கால்சியம் பக்கத்து இருக்கையில் அமர்கிறது. மூன்றும் மூன்றும் ஆறு. நான்கும் இரண்டும் ஆறு. கணக்கு நேராகிவிட, படிகத்தின் கட்டுக்கோப்புக் குலையாமல் நிற்கிறது. மற்றொரு வழியும் உண்டு. தோரியம் புகும்போது, ஐந்து மின்னூட்டமுள்ள பாஸ்பரஸின் இடத்தில் நான்கு மின்னூட்டமுள்ள சிலிக்கான் அமர்ந்தும் கணக்கைச் சரிசெய்யலாம். முதல் வழியே முற்றிலும் சென்று முடிந்தால், அரிய மண் உலோகங்கள் அனைத்தும் நீங்கி, கால்சியமும் தோரியமும் மட்டுமே உள்ள பாஸ்பேட் எஞ்சும். அதுவே தூய சேரலைட்.

உயர்நிலை வகுப்பு மாணவர் இதனைத் தம் குறிப்பேட்டிலேயே சரிபார்க்கலாம். கால்சியம் 40, தோரியம் 232, இரு பாஸ்பரஸ் அணுக்கள் 62, எட்டு ஆக்ஸிஜன் அணுக்கள் 128. மொத்தம் 462. இதில் தோரியம் ஆக்ஸைடின் பங்கு 264. எனவே தூய சேரலைட்டில் தோரியம் ஆக்ஸைடு ஏறத்தாழ 57 சதவிகிதம் இருத்தல் வேண்டும். குட்டக்குழியில் கிடைத்தது மொனசைட்டிற்கும் தூய சேரலைட்டிற்கும் ஏறத்தாழ நடுவழியில் நின்ற ஒன்று என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

பாறை சிதைந்தது, கனிமம் நிலைத்தது

சேரலைட் நீரினாலோ வெயிலினாலோ பின்னர்த் தோன்றியதன்று. தென்கேரளத்துப் பாறைகள் ஏறத்தாழ 50 முதல் 55 கோடி ஆண்டுகட்கு முன்னர், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டன. அந்த நெடுங்காலத்தை ஒட்டி, உருகிய பாறைக்குழம்பின் இறுதிப் பகுதி வெடிப்புகளில் புகுந்து மெல்ல உறைந்ததே பெக்மடைட். சாதாரணக் கனிமங்களில் இடம்பெறாத பெரிலியம், போரான், தோரியம் முதலியன அந்த இறுதிக் குழம்பில் திரண்டு நின்றன. கிரைசோபெரிலும் டூர்மலினும் சேரலைட்டும் ஒரே இடத்தில் கூடியிருப்பதன் காரணம் இதுவே. எனவே சேரலைட், தான் இருந்த பாறையுடனேயே பிறந்த மூலக் கனிமமாகும்.

குட்டக்குழிப் பாறையின் இன்றைய நிலை கவனிக்கத்தக்கது. அதிலிருந்த பெல்ஸ்பார் பெரும்பாலும் வெண்ணிறக் களிமண்ணாக மாறிவிட்டது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையினுள் இறங்கும்போது, பெல்ஸ்பாரின் பொட்டாசியத்தைக் கவர்ந்து செல்கிறது. சிலிக்காவின் ஒரு பகுதியையும் கரைத்துவிடுகிறது. எஞ்சுவது கயோலின் என்னும் சீனக் களிமண். திருவனந்தபுரம் மாவட்டத்துத் தோன்னைக்கல் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் களிமண்ணும் இவ்வாறு பாறைகள் சிதைந்ததால் உண்டானதே. இக்களிமண்தான் உண்மையில் பின்தோன்றிய கனிமம். அதன் நடுவே சேரலைட், தன்னைச் சூழ்ந்திருந்த பாறை மண்ணாகிப் போன பின்னும் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. ஒரே பாறைத்துண்டில் இவ்விரண்டும் அருகருகே காணக் கிடைக்கின்றன. மூலக் கனிமத்திற்கும் பின்தோன்றிய கனிமத்திற்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட இதனினும் சிறந்த சான்று அரிது.

கடற்கரை மொனசைட்டின் கதையும் இத்தகையதே. கோண்டலைட், சார்னோக்கைட் முதலிய பழம்பாறைகளில் சிறு துகள்களாகப் பிறந்த மொனசைட், அப்பாறைகள் சிதைந்தபோது விடுதலை பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் குற்றாறுகள் அதனைக் கடலுக்குக் கொண்டு சேர்த்தன. அலைகள் இலேசான குவார்ட்ஸை அகற்றிவிட்டு, கனத்த இல்மனைட், ரூட்டைல், ஜிர்க்கன், மொனசைட் ஆகியவற்றைக் கரையில் விட்டுச் சென்றன. கடல் செய்தது அரிசியைக் கல் நீங்கக் களையும் பெண்டிர் செய்யும் வேலையே. அரிசியை விளைவித்தது வேறு நிலம். மணலுக்குக் கருநிறம் தருவது மொனசைட் அன்று, இல்மனைட்டே என்பதையும் இங்கு நினைவில் வைத்தல் நலம். மொனசைட் தேன் நிறம் உடையது.

உண்மையில் பின்தோன்றும் பாஸ்பேட்டுகள்

அப்படியாயின் பின்தோன்றிய பாஸ்பேட் கனிமங்கள் என்பன எவை? அவற்றின் அடையாளம் பெரும்பாலும் அவற்றினுள் அடங்கிய நீரே. வெப்பமிகுந்த ஆழத்தில் பிறந்த மொனசைட்டிலும் சேரலைட்டிலும் நீர் இல்லை. தரையின் மேற்பரப்பில், மிதவெப்பத்தில், நீரின் உதவியால் பிறக்கும் பாஸ்பேட்டுகள் பெரும்பாலும் நீர் மூலக்கூறுகளைத் தம் படிகத்தினுள் ஏந்தியிருக்கும்.

மொனசைட்டிற்கு நெருங்கிய உறவினதான ராப்டோபேன் இதற்கு ஏற்ற உதாரணம். பாறையிலுள்ள அபடைட் அமிலம் கலந்த நீரில் கரைந்து பாஸ்பேட்டை வெளிவிடுகிறது. வேறு கனிமங்கள் சிதைவதால் அரிய மண் உலோகங்கள் வெளிப்படுகின்றன. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் நீருடன் கூடிய ராப்டோபேன் படிகிறது. 1878-இல் இதற்குப் பெயரிட்டபோது, நிறமாலையில் இது காட்டும் கரும்பட்டைகளைக் கருதி, 'கோல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை அமைத்தனர். இதனை நன்கு சூடாக்கினால் நீர் வெளியேறி, மொனசைட்டின் கட்டமைப்பை அடைந்துவிடும். பொருள் ஏறத்தாழ ஒன்றே. பிறந்த சூழல்தான் வேறு.

விவியனைட் மற்றோர் உதாரணம். நீர் தேங்கி, காற்றுப் புகாத சேற்றில், இரும்பும் எலும்பு முதலியவற்றிலிருந்து வரும் பாஸ்பேட்டும் கூடும்போது இது உண்டாகும். புதிதாகத் தோண்டி எடுக்கும்போது நிறமற்றிருந்து, காற்றுப்பட்டதும் நீலமாக மாறும். யுரேனியத் தாதுக்கள் சிதையும் இடங்களில் ஆட்டனைட் என்னும் மஞ்சள் நிறப் பாஸ்பேட் மெல்லிய தகடுகளாகப் படியும். இலங்கையில் அநுராதபுரத்திற்குத் தெற்கேயுள்ள எப்பாவலையில் 1971-இல் கண்டறியப்பட்ட பெரும் பாஸ்பேட் படிவில், மூல அபடைட்டும் அது சிதைந்து மீண்டும் படிந்த பாஸ்பேட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகவே உள்ளன. அங்குப் பணிபுரிவோர் இவ்விரண்டையும் ஒரு பெயரால் குறித்தால், உரத்திற்கு எது எவ்வளவு பயன்படும் என்பதைக் கணக்கிடவே இயலாது.

விவசாயத் துறையின் களப்பணியாளருக்கும் இதில் செய்தி உண்டு. கேரளத்துச் செம்புரை நிலத்தில் இடும் பாஸ்பேட் உரத்தின் ஒரு பகுதி, மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம் ஆகியவற்றுடன் பிணைந்து பயிருக்கு எட்டாததாகிவிடுகிறது. பின்தோன்றும் பாஸ்பேட்டுகளை உண்டாக்கும் அதே ரசாயனம் விவசாயியின் வயலிலும் நிகழ்கிறது. 'எரு இட்டேன், பயன் காணவில்லை' என்று கூறுபவருக்கு விளக்கம் தர முற்படுபவர், இவ்வியல்பை அறிந்திருத்தல் அவசியம்.

சொற்குழப்பத்தால் விளையும் கேடு

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடத்தக்கன அல்ல. குழப்பத்தால் விளையும் கேடுகள் மூன்று.

முதலாவது, மணலின் அளவைப் பற்றியது. கனிமம் கடற்கரையில் உண்டாகிறது என்று நம்புபவர், எடுக்க எடுக்க அது மீண்டும் உண்டாகும் என்றும் நம்புவார். உண்மையில் அலைகள் புதிதாக ஒரு துகள் மொனசைட்டையும் ஆக்குவதில்லை. மலையில் பாறை சிதைந்து, ஆறு கொண்டுவந்து சேர்த்தால்தான் கரைக்குப் புதுவரவு உண்டு. ஆற்றின் குறுக்கே அணையிட்டாலும், ஆற்று மணலை வழியிலேயே அள்ளிவிட்டாலும் அவ்வரவு குறையும். ஒரு பருவத்தில் அகன்ற கருமணல் அடுத்த பருவத்தில் மீண்டும் தோன்றுவது, கரையோரத்தில் முன்பே இருந்ததை அலை மறுபடி ஒதுக்குவதாலும் நிகழக்கூடும். அதனைப் புதிய விளைச்சல் எனக் கணக்கெழுதுதல், களஞ்சியத்திலிருந்து முற்றத்திற்குக் கொட்டிய நெல்லைப் புதிய அறுவடை என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மூலத்தைத் தேடுவது பற்றியது. கடற்கரையில் மொனசைட் இருப்பது 1909-இல் வெளிப்பட்டது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் அதனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டமையால், மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் விரைவில் தொடங்கிற்று. 1950-இல் இந்திய அரிய மண் நிறுவனம் நிறுவப்பட்டு, 1952-இல் ஆலுவாயில் மொனசைட்டைப் பகுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. கரையில் எளிதிற் கிடைக்கும் பொருளுக்கு இத்துணைக் கவனம் கிட்டியது பொருத்தமே. எனினும் அப்பொருள் எந்தப் பாறையில் பிறந்தது என்ற வினாவை எழுப்பி, ஆற்றை எதிர்த்து மேலேறிச் சென்று நோக்குபவருக்கே குட்டக்குழி போன்ற இடங்கள் புலப்படும். கடலே பிறப்பிடம் என்று கொண்டவருக்கு, மலைப்பக்கம் திரும்பிப் பார்க்கக் காரணம் ஒன்றும் இராது.

மூன்றாவது, மக்களின் அச்சம் பற்றியது. கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கடலோர மக்கள் அஞ்சுவதும், அதற்கு மாறாகச் சிலர் அம்மணலில் புதைந்து கிடந்தால் நோய் தீரும் என்று கருதுவதும் உண்டு. தோரியம் நீரில் கரைந்து ஊரெங்கும் பரவுகிறது என்று எண்ணுபவர், மொனசைட்டைப் பின்தோன்றிய, எளிதில் மாறும் கனிமம்போல் எண்ணுகின்றனர். மொனசைட்டோ நீரில் மிக மிக அரிதாகவே கரைவது. தோரியத்தைத் தன் படிகத்தினுள் பல கோடி ஆண்டுகளாகப் பற்றிக்கொண்டிருப்பது. மணலருகே கதிர்வீச்சு மிகுதி என்பது உண்மை. திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளிப் பகுதியில் ஏறத்தாழ 70,000 மக்களைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என 2009-இல் வெளியான ஆய்வில் தெரிவித்தது. ஓர் ஆய்வுடன் எல்லா ஐயங்களும் தீர்ந்துவிடுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் அச்சத்திற்கும் அலட்சியத்திற்கும் நடுவே நின்று பேசவேண்டிய ஆசிரியருக்கு, கனிமத்தின் இயல்பைச் சரியான சொல்லால் விளக்கும் திறன் வேண்டும்.

சேரலைட்டின் உறுதி வேறொரு துறையினரின் கவனத்தையும் ஈர்த்துள்ளது. அணு உலைக் கழிவிலுள்ள நீடித்த கதிரியக்கப் பொருள்களை எதில் அடைத்து வைத்தால் வெளியேறாது என்று ஆராயும் விஞ்ஞானிகள், மொனசைட், சேரலைட் ஆகியவற்றின் அமைப்பிலேயே செயற்கைப் பீங்கான்களைச் செய்து சோதித்து வருகின்றனர். கதிரியக்கம் தன் படிகத்தைத் தாக்கினாலும் இவ்வினக் கனிமம் பெரும்பாலும் குலைந்து போவதில்லை என்பது அதற்குக் காரணம். ஜிர்க்கன் இதனினும் மிகக் குறைந்த அளவு தோரியமும் யுரேனியமும் கொண்டிருந்தும் சிலவேளை படிக ஒழுங்கை இழந்துவிடுகிறது. சூழ்ந்த பாறை களிமண்ணான பின்னும் மாறாதிருந்த ஒரு கனிமம், மனிதன் தன் கழிவை அடைக்கும் பேழைக்கு மாதிரியாகிறது. அதனைப் பின்தோன்றியது என்று தவறாக வகைப்படுத்துபவர், இப்பயனின் அடிப்படையையே காணாது போவர்.

செய்யத்தக்கன

இக்குழப்பத்தை நீக்கப் புதிய அகராதி ஏதும் வேண்டுவதில்லை. நான்கு சொற்கள் போதும். பாறையுடன் பிறந்ததை 'மூலக் கனிமம்' எனலாம். சிதைவினால் புதிதாக உண்டாவதைப் 'பின்தோன்றிய கனிமம்' எனலாம். பிறந்த இடத்திலேயே இருக்கும் குவிவை 'இருப்பிடப் படிவு' என்றும், வேறிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டதைப் 'பெயர்ந்த படிவு' என்றும் வழங்கலாம். அப்போது கோவளத்து மொனசைட், 'பெயர்ந்த படிவிலுள்ள மூலக் கனிமம்' என்று ஒரே வரியில் தெளிவாகிவிடும். குட்டக்குழிச் சேரலைட், 'இருப்பிடப் படிவிலுள்ள மூலக் கனிமம்' ஆகும். அதனைச் சூழ்ந்த களிமண், 'இருப்பிடப் படிவிலுள்ள பின்தோன்றிய கனிமம்' ஆகும்.

ஆங்கிலச் சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டால் இத்தொல்லை இராதே என்பார் உளர். ஆங்கிலத்திலேயே ஒரு சொல் இருபொருளில் வழங்குவதால்தான் இத்தொல்லை பிறந்தது என்பதை அவர்கள் கருத வேண்டும். அங்கு நிபுணர்கள் சூழலை நோக்கிப் பொருளைத் தெரிந்துகொள்கின்றனர். கிராமத்துப் பள்ளியில் ஒற்றைப் பாடநூலுடன் நிற்கும் ஆசிரியருக்கு அச்சூழல் வாய்ப்பதில்லை. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக அமையக்கூடிய அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. மறுபுறம், கனிமங்களின் தனிப்பெயர்களையும் தமிழாக்க வேண்டும் என்பாரும் உளர். அது ஏற்புடையதன்று. தனிப்பெயர்கள் உலகப் பொதுவுடைமை. அவற்றை ஒலிக்கேற்ப எழுதுவதே முறை.

ஒலிக்கேற்ப எழுதுவதிலும் கவனம் தேவை. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு புலப்படாது. அதனைப் பார்த்து எழுதுபவர் 'செரலைட்' என்று எழுதிவிட்டால், சேரரின் பெயர் அதில் இருப்பது தமிழருக்கே தெரியாமற் போகும். ஒரு நெடிலில் ஒரு நாட்டின் வரலாறு நிற்கிறது. கோண்டலைட் ஒரிஸாவின் கந்தர் பழங்குடியினரின் பெயரையும், சென்னைப் பரங்கிமலையின் பாறையான சார்னோக்கைட் கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னோக்கின் பெயரையும் தாங்கி நிற்பதை மாணவர் படிக்கின்றனர். சேரலைட் தம் நாட்டின் பெயரைத் தாங்கி நிற்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். 'சேரலைட்' என்றே எழுதுக.

இப்பெயருக்கு இடையில் ஒரு சோதனையும் நேர்ந்தது. நமீபியாவில் கிடைத்த, கால்சியமும் தோரியமும் மிகுந்த பாஸ்பேட்டிற்கு 1980-இல் பிராபன்டைட் என்று வேறு பெயர் இடப்பட்டது. ஒரே வரிசையைச் சேர்ந்தவற்றிற்கு இரு பெயர்கள் வழங்கியதால் குழப்பம் நீடித்தது. 2007-இல் இவ்வினத்தின் பெயர்கள் முறைப்படுத்தப்பட்டபோது, கால்சியம்–தோரியம் பாஸ்பேட் மேலோங்கிய அனைத்திற்கும் சேரலைட் என்பதே பெயர் என்று முடிவாயிற்று. பிராபன்டைட் என்ற பெயர் நீக்கப்பட்டது. எல்லை எங்கே என்பதைச் சொல்லால் திட்டப்படுத்தியதும் குழப்பம் தீர்ந்தது. உலக விஞ்ஞானிகள் ஒரு கனிமத்திற்குச் செய்ததைத் தமிழ் நூல்கள் ஓர் அடைமொழிக்குச் செய்யலாகாதா?

களப்பணியாளருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாதிரிக்கல் ஒவ்வொன்றின் சீட்டிலும், கிடைத்த ஊர், எடுத்த நாள், அது பாறையிலிருந்து வெட்டப்பட்டதா மணலிலிருந்து பொறுக்கப்பட்டதா என்ற மூன்றும் இருத்தல் வேண்டும். ஊர்ப்பெயரை எழுதும்போது அக்காலத்து ஆட்சிப்பகுதியையும் இக்காலத்து மாவட்டத்தையும் சேர்த்தெழுதுவது நலம். 1956 நவம்பர் முதல் நாளில் தென்திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பழைய நூல்களில் 'திருவிதாங்கூர்' என்று மட்டுமே காணும் குட்டக்குழியை இன்று கேரளத்து வரைபடத்தில் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். எல்லைக்கோடுகள் மாறும். சீட்டில் எழுதிய ஊர்ப்பெயரே பாறைக்குத் திரும்பிச் செல்லும் வழி.

ஆசிரியர்கள் மொனசைட்டைச் சேகரித்து வகுப்பறையில் வைத்திருத்தல் தகாது. அது சட்டக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட பொருள் என்பது ஒருபுறமிருக்க, கதிரியக்கமுள்ள ஒன்றைச் சிறுவர் அருகே வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு சிரட்டையும் சிறிது கடல்நீருமே பாடத்திற்குப் போதும். கடற்கரையிலேயே ஒரு பிடி மணலைச் சிரட்டையில் இட்டு, நீர் வார்த்து மெல்லச் சுழற்றினால், வெண்மணல் விளிம்பில் வழிந்தோட, கருமணல் அடியில் தங்கும். அலை செய்யும் வேலை சிறுவரின் கையிலேயே நிகழும். பார்த்து முடித்ததும் அம்மணலை அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பலாம்.

அப்போது, "இக்கருமணல் எங்கே உண்டாயிற்று?" என்று கேட்கும் சிறுவனுக்கு, ஆசிரியர் கடலைக் காட்டாமல் கிழக்கே திரும்பி, அகத்தியர் மலைப்பக்கம் கையை நீட்டுவாராக. அவர் சொல்ல வேண்டுவது ஒரே வாக்கியம்: "அங்கே பிறந்தது, இங்கே வந்து சேர்ந்தது."